முதுகுக்குப் பின்னால் ஒரு படம்

"ஸயா, நான் பிறக்கவே இல்லையாம்."

போனை எடுத்ததும் மா ஷ்வே இப்படித்தான் தொடங்கினார். பர்மியர்கள் வாத்தியாரையும் டாக்டரையும் கொஞ்சம் மரியாதைக்குரிய எவரையும் ஸயா என்பார்கள். நான் மூன்றாவது வகை. மா ஷ்வே பேசியது பர்மிய மொழியில். நம் வாசகர்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

அவர் இப்போது பேத்தி எடுத்தவர். ரங்கூன் என்று நாம் சொல்லும் யாங்கோனின் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறார். பேத்தி தன் போனில் இரண்டு படங்களைக் காட்டியிருக்கிறாள். ஒன்றில் ஒரு நெற்களஞ்சியம் எரிகிறது. மற்றதில், பூத்த மரத்தடியில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அந்தப் பெண் மா ஷ்வே. இரண்டையும் எடுத்தவன் நான். எப்போதோ கொடுத்த பிரிண்டை யாரோ போனில் ஏற்றியிருக்க வேண்டும். படங்களின் கீழே யாரோ ஒருவர், இவை கம்ப்யூட்டர் உண்டாக்கியவை, களஞ்சியம் எரியும்போது எந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள் என்று எழுத, நிறையப் பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

"அந்த ஆளோட விலாசம் இருந்தா கொடுங்க. நான் இருக்கேனா இல்லையான்னு நேர்ல போய்க் காட்டிட்டு வரேன்."

"விலாசம் தெரியாது, மா ஷ்வே."

"அப்ப அவன்தான் கம்ப்யூட்டர்."

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன், அந்த பிலிமைத் தேடி வையுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தேட வேண்டியதில்லை. என்னிடமுள்ள எல்லா பிலிம்களிலும் அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனாலும் அதைக் கையில் எடுத்தபோது, இதைப் பற்றி ஒரு முறையாவது முழுதாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. கூடத் தொழில் செய்த இளையவர்களும் இதைப் பல நாளாகக் கேட்டுவருகிறார்கள்.

என்னை அறிந்தவர்களுக்கு இக்கட்டுரையில் ஒரு குறை தெரியும். தேதி இல்லாமல் நான் ஒரு வரிகூட எழுதுகிறவன் அல்ல. கடிதத்தில் நாளைக் குறிக்காதவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இங்கே ஆண்டை எழுதாமல் விடுவது வேண்டுமென்றே செய்வது. ஆண்டைச் சொன்னால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். ஊரைக் கண்டுபிடித்தால், அங்கே இன்னும் இருக்கிற சிலரையும் கண்டுபிடித்துவிடலாம். களஞ்சியத்தைக் கொளுத்தியது எந்தப் படை என்றும் எழுதப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் அப்போது பல படைகள் இருந்தன.

என் தகப்பனார் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். எனக்கு இரும்பு பிடிக்கவில்லை. பள்ளியை முடித்ததும் யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து, கல்யாணப் படங்களில் மணமகளின் பருக்களை மையால் மறைக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு இருட்டறை. பிறகு கேமரா. சில வருடங்களில், வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குச் செய்திப்படம் அனுப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில் இடம் கிடைத்தது. வீட்டில் முருகையன் என்ற பெயர், அங்கே ‘கோ தான்’ என்ற பர்மியப் பெயராக ஆனது. அந்த அலுவலகத்தின் படப் பிரிவுக்குத் தலைவி டோ மியா. நான் கற்றதில் சொல்லத் தக்கது எல்லாம் அந்த அம்மாளிடம் கற்றதுதான்.

டோ மியா உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரு தட்டில் ஊறிய தேயிலையும் வறுத்த பூண்டும் இருக்கும். கழுவி வந்த பிலிமை ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, உருப்பெருக்கும் ஒற்றைக் கண்ணாடியை அதன்மேல் கவிழ்த்து, குனிந்துவிட்டாரென்றால் தேயிலை மெல்லுவது நிற்கும். மெல்லுவது மறுபடி தொடங்கினால் படம் தேறவில்லை என்று அர்த்தம். பாராட்ட மாட்டார். நன்றாக இருந்தால், "இதை எங்கே நின்று எடுத்தாய்?" என்று மட்டும் கேட்பார்.

முதல் தடவை அவர் அப்படிக் கேட்டபோது, "ஆற்றங்கரையில், டோ மியா" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்கிறேனே."

"நீ சொல்வதற்கு நான் கேமரா வாங்கிக் கொடுக்கவில்லை."

அன்று அவர் சொன்ன முறையை ஓய்வு பெறும்வரை கடைப்பிடித்தேன். எந்தப் படத்தை எடுத்தாலும், எடுத்த கையோடு, நின்ற இடத்தை விட்டு நகராமல் அப்படியே திரும்பி முதுகுக்குப் பின்னால் இருப்பதை ஒரு படம் எடுக்க வேண்டும். அது அழகாக இருக்கத் தேவையில்லை. பத்திரிகைக்குப் போகாது. எங்கே நின்றோம், எந்த நேரம், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதுகுப் படம் என்று அதற்கு அலுவலகத்தில் பெயர்.

இன்னொரு விதியும் உண்டு. முன் படத்தையும் முதுகுப் படத்தையும் பிரிக்கக் கூடாது. பிலிம் கழுவுகிற கடைகளில் வரிசையாக அளவு பார்த்துக் கத்தரித்துவிடுவார்கள். எங்கள் இருட்டறையில் ஒவ்வொரு சுருளையும் விளக்கில் பிடித்துப் பார்த்து, ஜோடி உடையாத இடமாகத் தேடித்தான் வெட்டுவோம். துண்டுகள் நீளமும் குட்டையுமாக இருக்கும். அவற்றைப் பார்க்கிற எவரும் இவர்களுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது என்றே நினைப்பார்கள்.

எல்லைப் பக்கம் போய்வந்த ஒருவர் ஒருமுறை ஒரு படத்தை விற்க வந்தார். தன் உயரத்துக்குத் துப்பாக்கி பிடித்த ஒரு சிறுவன். கண்கள் நம்மைக் குத்தும். டோ மியா மெல்லுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதற்கு அடுத்த படம்?" என்றார். வந்தவர் அந்தச் சுருளைக் காட்டினார். அடுத்ததும் அதே சிறுவன், அதற்கடுத்ததும் அவன்தான், ஒவ்வொன்றிலும் துப்பாக்கி வேறு வேறு கையில். டோ மியா சுருளைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

வந்தவர் போனபின், "உண்மையாகவும் இருக்கலாம் இல்லையா?" என்றேன்.

"இருக்கலாம். இருக்கலாம் என்பதை நான் அனுப்புவதில்லை."

அதன் பிறகு பல போர்முனைகளுக்குப் போனேன். மூட்டையும் கோழியுமாகப் படகில் ஆற்றைக் கடந்தவர்கள், கண்ணிவெடியில் கால் போனபின் தன் ஒற்றைச் செருப்பை மறக்காமல் எடுத்துவைத்திருந்த ஒருவர், ஜெயில் வாசலில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிற தாய்மார்கள். ஒவ்வொன்றுக்கும் முதுகுப் படம் எடுத்தேன். குண்டு விழும்போது திரும்பி நின்று ஒரு வேலியையோ எருமையையோ எடுக்கிறவனைப் பார்த்து மற்ற போட்டோகிராபர்கள் சிரிப்பார்கள். எனக்கே சில சமயம் சிரிப்பு வரும். டோ மியாவின் முறை எதற்கு என்பது எனக்கு முழுதாக விளங்கியது மா ஷ்வேயின் ஊரில்.

சித்தாங் ஆற்றுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருந்த ஊர் அது. திஞ்சான் என்கிற புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவின் போது அங்கே இருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களைப் படமெடுக்கப் போய், ஊர்த் தலைவர் உ போவின் வீட்டில் தங்கியிருந்தேன். உ போ வீட்டில் இல்லை. இங்கே பல ஆண்கள் செய்வதுபோல, அவரும் திருவிழா நாட்களுக்கு மட்டும் தலையை மழித்துத் துவராடை உடுத்தி, டவுனில் இருந்த மடத்தில் பிக்குவாகச் சேர்ந்திருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டது மகள் மா ஷ்வே. அப்போது அவருக்கு இருபது வயது இருக்கலாம்.

முதல் நாள் மழை பெய்திருந்தது. காலையில் பிடௌக் பூத்துவிட்டது. நம் வேங்கைக்குச் சொந்தக்கார மரம். திஞ்சான் சமயத்து மழைக்குக் காத்திருந்து, ஒரே காலையில் பக்கத்து ஊர்களிலும் சேர்த்து மஞ்சளாகப் பூக்கும். மாலைக்குள் உதிரத் தொடங்கிவிடும். அன்று பெண்கள் எல்லாரும் கொண்டையில் அதை வைப்பார்கள். மா ஷ்வேயும் வைத்திருந்தார்.

அந்தக் காலையில்தான் படை வந்தது. களஞ்சியத்திலிருந்து தூக்க முடிந்த நெல்லைத் தூக்கிக்கொண்டு, மீதத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். நான் மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்து எடுத்தேன். களஞ்சியம் எரிகிறது. இடது ஓரத்தில், வரிசையின் கடைசி வீரர்கள் வெளியேறுகிறார்கள். எடுத்த கையோடு பழக்கதோஷத்தால் திரும்பினேன். பிடௌக் மரம். அதை ஒட்டி, தண்ணீர் ஊற்றுவதற்காகத் தென்னங்கீற்று கட்டிய மூங்கில் பந்தல். நடுவே, கையில் காலிக் குடத்தோடு மா ஷ்வே. புகை அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

புத்தாண்டு கழிந்து துவராடையைக் களைந்துவிட்டு ஊர் திரும்பிய உ போவை வழியிலேயே பிடித்துவிட்டார்கள். கேட்ட நெல்லைத் தரக்கூடாது என்பதற்காக ஊர்க் களஞ்சியத்தைத் தானே கொளுத்தினார் என்பது குற்றச்சாட்டு. திருவிழா முழுக்க அவர் மடத்தில் இருந்ததை டவுனே பார்த்திருக்கிறது. ஆகவே களஞ்சியம் எரிந்தது அதற்கு முந்தைய மாதம், மலைக்காடுகளுக்குத் தீயிடும் பருவத்தில், அவர் ஊரில் இருந்தபோது என்று எழுதிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்துக்கு உள்ளே போனவர்கள் அதிகம் பேர் திரும்பியதில்லை.

மா ஷ்வே பஸ் பிடித்து யாங்கோன் வந்து, எங்கள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். டோ மியா அவரை உள்ளே அழைத்து, தேயிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அந்தத் துண்டு பிலிமை ஒளிப்பெட்டியில் வைத்தார்.

"உன் அப்பாவைக் காப்பாற்ற இது போதும். ஆனால் இதில் உன் முகம் இருக்கிறது. யார் தீ வைத்தார்கள் என்று பார்த்தவள் நீ என்பதும் இதிலேயே இருக்கிறது. இதைக் காட்டினால் உன்னையும் காட்டியதாகும்."

"முகத்தை மட்டும் மறைத்து பிரிண்ட் போடலாமா?" என்றேன் நான். ஸ்டுடியோப் புத்தி.

"ஒரு இடத்தில் மை பட்டால் மீதி இடத்தையும் மை என்பார்கள்" என்றார் டோ மியா.

மா ஷ்வே ஒற்றைக் கண்ணாடி வழியாகத் தன்னையே வெகுநேரம் பார்த்தார். "தெரிந்திருந்தா கொஞ்சம் தனக்காவாவது பூசியிருப்பேன்" என்றார். பிறகு எழுந்து, "வாங்க ஸயா, பஸ் போயிடும்" என்றார்.

டவுனில் இருந்த விசாரணை அதிகாரி தலை நரைத்த சிவில் ஆள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். களஞ்சியத்தை எரித்த படையின் பேச்சைத் தட்ட முடியாத ஊரில் உத்தியோகம் பார்த்தவர். நாங்கள் போனபோது மத்தியானம். பிரிண்டைப் பார்த்தார். பிறகு துண்டு பிலிமை வாங்கி ஜன்னலில் பிடித்தார்.

"இதில் என்ன தேதி இருக்கிறது?"

"பிடௌக் இருக்கிறது" என்றேன். "அது பூத்த நாள் உங்களுக்கும் தெரியும்."

"முன்கூட்டி ஒரு மழை வந்தால் பிடௌக் அதற்கும் பூக்கும்."

நான் பதில் யோசிப்பதற்குள் மா ஷ்வே கேட்டார்: "திஞ்சான் பந்தலும் முன்கூட்டி வந்த மழைக்குப் பூக்குமா, ஐயா?"

அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "களஞ்சியம் எரியும்போது ஏன் சிரிக்கிறாய்?"

"சிரிக்கலை. உங்க கண்ணுல புகை அடிச்சா நீங்களும் இப்படித்தான் பல்லைக் காட்டுவீங்க."

அறையில் இருந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அதிகாரி சிரிக்கவில்லை. பிலிமை மறுபடி ஜன்னலுக்குத் தூக்கி, இந்த முறை களஞ்சியப் படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தார். நெகட்டிவில் நெருப்பு கறுப்பாகவும் மனிதர்கள் வெளுப்பாகவும் இருப்பார்கள். அந்த வெளுத்த மனிதர்களின் தோளில் துப்பாக்கிகள் தெரிந்திருக்க வேண்டும். பிலிமை மெதுவாக மேசையில் வைத்து, இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"இந்த மரத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். "அன்று என் வீட்டுக்காரியும் இந்தப் பூவைத்தான் வைத்திருந்தாள். மரமும் பந்தலும் உன் அப்பாவுக்குப் போதும். அந்த இன்னொரு படம் இங்கே இருக்கட்டும். அது வெளியே போனால் எனக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல."

மா ஷ்வே என்னைப் பார்த்தார். அவருடைய அப்பா அதே கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தார். வெட்டச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வெட்டச் சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. ஆகவே நான் பேசினேன்.

"ஐயா, வெட்டினால் இது வெறும் மரம். ஒவ்வொரு வருடமும் பூக்கிற மரம். களஞ்சியம் எரிந்த அன்று இது பூத்திருந்தது என்பதற்குச் சாட்சி இந்தப் படம் இல்லை. இரண்டுக்கும் நடுவே வெட்டாமல் இருக்கிறதே, அந்த இடம்தான் சாட்சி. நாளைக்கு உங்கள் மேலதிகாரி, எந்த மரத்தைப் பார்த்து ஆளை விட்டாய் என்று கேட்டால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?"

கத்தரிக்கோல் பிலிமின் மேலேயே இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே குமாஸ்தா யாரையோ தேநீர் வாங்கிவர அனுப்பிய சத்தம் கேட்டது. அதிகாரி கத்தரிக்கோலை இழுப்பறையில் போட்டு மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டவில்லை.

"எனக்கு வயதாகிவிட்டது. கண் மங்கல். இந்த மரம் தெரிகிறது, பந்தல் தெரிகிறது. பக்கத்துப் படத்தில் ஏதோ புகை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள்."

மறுநாள் உ போவை விட்டார்கள். தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. களஞ்சியம் திருவிழாவின் போது, காரணம் தெரியாத தீயில் எரிந்தது என்று அதிகாரி எழுதினார். தீ வைத்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் துண்டு முழுதாக என்னிடம் இருக்கிறது. கேட்கிற நாள் வரும்போது காட்ட அது இருக்கும்.

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். டோ மியா மெல்லுவதை நிறுத்திக் கேட்டார். "துண்டு எங்கே?" என்று கை நீட்டி வாங்கி, ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு உறையில் போட்டார். அவ்வளவுதான். அந்தக் குடும்பம் அந்த ஊரில் அதிக காலம் இருக்க முடியவில்லை. உ போ யாங்கோனில், தன் பாயில் படுத்து இறந்தார். எங்கள் தொழிலில் ஒரு மனிதர் அப்படி இறந்தார் என்று எழுத முடிவது பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மா ஷ்வே வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என் மனைவி வள்ளி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பிலிமை வாங்கிப் பால்கனி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதைப் போன்ல போட்டுடுங்க ஸயா, வாயை மூடுவானுங்க."

"போடலாம். இதையும் கம்ப்யூட்டர் பண்ணினது என்பார்கள்."

அதுதான் இன்றைய சங்கடம். போனில் எடுக்கிற இரண்டு படங்களுக்கு நடுவே பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை. தேதியும் நேரமும் அதிலேயே பதியும் என்கிறார்கள். எழுதத் தெரிந்தவனுக்கு மாற்றி எழுதவும் தெரியும். இதற்கு வழி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இளையவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் நான் செய்ய முடியும்.

மா ஷ்வே பிலிமைக் கீழே இறக்கினார். பிறகு, "அப்ப இன்னொண்ணு எடுங்க. இந்தப் பிலிமைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன். முகம் நல்லாத் தெரியணும். இனிமே மறைக்க எனக்கு எந்த ஊரும் இல்ல" என்றார்.

என்னிடம் கடைசியாக ஒரு சுருள் இருந்தது. காலாவதியான சுருள்தான். குளிர்பெட்டியில், ஙப்பி என்கிற மீன் விழுது ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வள்ளி அதை எடுத்துக் கொடுத்தாள். "எத்தனை தடவை இதைத் தூக்கிப் போட நினைச்சேன். மீன் வாசம் அடிச்சா என்னைச் சொல்லாதீங்க."

மா ஷ்வே பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்றார். கீழே பஸ்கள். எதிர் வீட்டுப் பால்கனியிலிருந்து, கீழே வந்தவர்கள் இழுத்து மணியடிக்கத் தெருவரைக்கும் தொங்குகிற மணிக்கயிறுகள். வெயில் அவர் முகத்தில் அடித்தது.

"சிரிக்கிற மாதிரி இருக்கு, மா ஷ்வே."

"இந்தத் தடவை சிரிக்கத்தான் செய்றேன். எடுங்க."

எடுத்தேன். கேமராவைக் கீழே இறக்கப் போனபோது அவர் விரலை நீட்டினார்.

"ஸயா, திரும்புங்க."

நின்ற இடத்திலேயே திரும்பினேன். என் வீடு. சாமி படம், அதன் பக்கத்தில் நாள்காட்டி, அடுப்படி வாசலில் கரண்டியோடு வள்ளி. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர்களின் முதுகை எடுத்திருக்கிறேன். அவளை ஒரு முதுகுப் படத்திலும் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்னையா? தலை சீவலைங்க" என்றாள்.

"தலை இருக்கட்டும். நாள்காட்டியில இன்னைக்குத் தாள் கிழிக்கலையே."

"ரெண்டு பொம்பளைங்க நிக்கறோம், இவருக்குத் தேதிதான் கண்ணுல படுது" என்று மா ஷ்வேயிடம் சொல்லிக்கொண்டே போய்ப் பழைய தாளைக் கிழித்தாள். கிழித்ததைக் கையில் வைத்துக்கொண்டே நாள்காட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழுத்தினேன்.

சுருளில் மீதிப் படங்கள் எடுக்காமலே கிடக்கின்றன. தெருக்கோடியில் ஒருவர் இன்னும் மருந்து கலந்து பிலிம் கழுவுகிறார். அவரிடம் அப்படியே கொடுத்து, கத்தரிக்கோலைத் தொடாதே, வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.